பம்புக்குள் ஜல்லி உருளும் சத்தம்: உங்களுக்கும் நடந்திருக்கா?

பம்ப் மெக்கானிக், துவாஸ்:
சிங்கப்பூர் துவாஸில் கடல்நீர் கூலிங் பம்ப் பார்க்கிறேன். ஒரு நைட் ஷிப்டில், உள்ளே யாரோ ஜல்லியைக் கொட்டிவிட்ட மாதிரி சத்தம். பிரித்தால் ஜல்லியும் இல்லை, மணலும் இல்லை. தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லர் இதழ்களின் முன் ஓரத்தைத் தாண்டி வெண்கலம் பஞ்சு மாதிரி அரித்துக் கிடந்தது. கேவிட்டேஷன், அதாவது தண்ணீரில் குமிழி கிளம்பி உடைந்து உலோகத்தை அரிப்பது. வெல்டிங் வைத்து நிரப்பி, கிரைண்டர் ஓட்டி மாட்டினோம். மூணே வாரம், அதே சத்தம்.

ஃபோர்மேன் அண்ணன் மறுபடி பிரிக்கச் சொன்னார். டார்ச்கூட கேட்கவில்லை. நகத்தால் ஒரு இழு இழுத்துவிட்டு, "தம்பி, இதழா இது? அரம்" என்றார். கிரைண்டர் கீறல்கள் எல்லாம் தண்ணீர் ஓடும் திசைக்குக் குறுக்கே.

அவர் சொன்னது இதுதான்: ஒவ்வொரு கீறல் மேட்டையும் தண்ணீர் தாண்டும்போது வேகம் கூடும், அழுத்தம் அந்த இடத்தில் மட்டும் சரியும். 30 டிகிரித் தண்ணீருக்கு ஆவியழுத்தம் சுமார் 4 கிலோபாஸ்கல். அதற்குக் கீழே போனால் சூடே இல்லாமல் கொதித்துக் குமிழி கிளம்பும். போதாததற்கு, கீறல் இடுக்கில் ஒளிந்திருக்கும் காற்று அந்தக் குமிழிக்கு விதை. அழுத்தம் கூடின இடத்துக்குப் போனதும் குமிழி உள்நோக்கி உடைந்து உலோகத்தைக் குத்தும். குழி விழுந்தால் இன்னும் சொரசொரப்பு, இன்னும் குமிழி. சக்சன் (உறிஞ்சும் பக்கத்து) கேஜ் காட்டுவது குழாயின் அழுத்தம். கீறலுக்குப் பின்னால் நடப்பது அதற்கு எங்கே தெரியும்?

நைஸ் பேப்பர் போட்டு வழவழப்பாக்கி மாட்டினோம். சத்தம் பாதியானது. வால்வை முழுசாகத் திறந்தால் மட்டும் இன்னும் இருக்கு.

கப்பல் டைவர்:
எங்களுக்கு எதிரி கொட்டலசு, ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் பார்னக்கிள். நம்ம வெதுவெதுப்பான கடலில் நங்கூரம் போட்டுச் சும்மா நிற்கும் கப்பலின் புரொப்பெல்லரில் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும். சுரண்டியபின், சொரசொரப்பை ஏ முதல் எஃப் வரை மாதிரி காட்டும் ரூபர்ட் தகட்டை ஒரு கையால் தடவி, இதழை மறு கையால் தடவி ஒப்பிடுவோம். ஏ-தான் நைஸ், எஃப் படு சொரசொரப்பு. புதுசாக வரும் பசங்க முரட்டு டிஸ்க்கைப் போட்டு முன் ஓரத்தையே மழுக்கிவிடுவார்கள். அதற்குக் கொட்டலசே தேவலை. வடிவம் போனால் பாலிஷ் காப்பாற்றாது.

கப்பல் வடிவமைப்புக்காரன்:
நாங்கள் தலைகீழ். சோதனைத் தொட்டியில் குட்டி மாடல் புரொப்பெல்லரின் முன் ஓரத்தில் வேண்டுமென்றே சொரசொரப்பான கார்போரண்டம் பொடி ஒட்டுவோம். மாடலில் நீரோட்டம் ரொம்பச் சாந்தமாகப் படிந்து போவதால், நிஜக் கப்பலில் வரும் குமிழி அங்கே வராமல் ஏமாற்றிவிடும். மெக்கானிக் அண்ணே, சக்சன் ஸ்ட்ரெய்னரை, அதான் உறிஞ்சும் பக்கத்து வடிகட்டியை, திறந்து பார்த்தீங்களா? அது அடைத்தாலும் அழுத்தம் சரியும்.

பம்ப் மெக்கானிக், துவாஸ்:
நேற்றுத்தான் திறந்தோம். பாதிக்கு மட்டி அடைச்சிருக்கு! அள்ளிப் போட்டதும் வால்வு முழுசாகத் திறந்தும் சத்தம் இல்லை. ஃபோர்மேன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் கேன்டீனில் கோப்பி குடித்துக்கொண்டே எல்லாரிடமும் நகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.