மூன்று பரோட்டாவும் 45 நிமிட நடையும்

வேளச்சேரி உறுப்பினர்:

ஆறு மாதங்களாக நாள்தோறும் மாலையில் 45 நிமிடம் நடந்தும் என் எடை 75 கிலோவிலிருந்து இம்மியும் குறையாததால், கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தின் மீதே எனக்குச் சந்தேகம் வந்தது. ஒவ்வொரு நடைக்கும் அது ஏறத்தாழ 200 கலோரி என்று காட்டும். அந்த எண்ணைப் பார்த்த தெம்பில், திரும்பும் வழியிலேயே தெருமுனைக் கடையில் மூன்று பரோட்டாவும் சால்னாவும் பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது வழக்கமாகிவிட்டிருந்தது. வாரத்தில் நான்கு நாட்களாவது.

ஒரு நாள் கூட்டம் இல்லாத வேளையில் மாஸ்டரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு கிலோ மைதாவுக்கு இருபது பரோட்டா வரும் என்றும், பிசைவதற்கும் உருண்டைகளை ஊறவைப்பதற்கும் வீசுவதற்கும் கல்லில் போடுவதற்கும் சேர்த்து 200 மில்லி எண்ணெயாவது ஆகும் என்றும் அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். மைதா 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி. எண்ணெய், அது எந்த எண்ணெயானாலும், கிராமுக்கு 9. வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது ஒரு பரோட்டா 250-ஐத் தாண்டியது. என் ஒரு மாலை நடை முழுவதும் ஒரு பரோட்டாவுக்கே போதவில்லை.

சால்னாவை அதுவரை நான் கணக்கிலேயே சேர்த்திருக்கவில்லை. மறுமுறை அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரவு வைத்து, மேலே ஆடைபோல் படிந்திருந்ததைக் கரண்டியால் வழித்து எடை போட்டேன். 22 கிராம் இருந்தது. ஏறக்குறைய 200 கலோரி. அதாவது இன்னொரு நடை.

கோவை உறுப்பினர்:

கடிகாரம் காட்டிய 200-க்குள், தாங்கள் நடக்காமல் நாற்காலியில் சாய்ந்திருந்தாலும் உடல் செலவழித்திருக்கக்கூடிய 55 கலோரியும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அதைக் கழித்தால் நடையால் கூடுதலாகச் செலவானது 145 தான். நான் சில ஆண்டுகள் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் பயிற்றுநராக இருந்தவன். டிரெட்மில்லில் தம் எடையைப் பதியாமலே ஏறி, கைப்பிடியை இறுகப் பிடித்தபடி நடந்து, திரையில் 400 வந்ததும் மனநிறைவோடு இறங்கி நேராகப் பிரியாணிக் கடைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறேன். சந்தாவைப் புதுப்பிக்க வேண்டுமே.

தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களை ஆராய்ந்து ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் 2012-இல் வெளியிட்ட முடிவு இங்கே பொருந்தும். உடலளவின் வேறுபாட்டை ஈடுசெய்து பார்த்தால், அவர்களுடைய ஒரு நாள் ஆற்றல் செலவு மேலைநாட்டு நகரவாசிகளுடையதைவிட அதிகமாக இல்லை. நடையை நிறுத்தச் சொல்லவில்லை. சாப்பிட்ட பின் பதினைந்து நிமிடம் நடந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். அது தனி ஆதாயம். அதைப் பரோட்டாக் கணக்கில் வரவு வைக்க முடியாது.

திருச்சி உறுப்பினர்:

எங்கள் வீட்டில் சிக்கல் ஃபிரைட் ரைஸ். ஒருவருக்கான பார்சல் என்று கடைக்காரர் கொடுத்ததைச் சமையலறைத் தராசில் வைத்தேன், 640 கிராம். அது மூவருக்கும் போதும் என்று பிள்ளைகளை நம்பவைக்க ஒரு மாதம் பிடித்தது.

பத்தும் அதற்கு மேலும் கிளைகள் உள்ள உணவகங்கள் பட்டியலில் கலோரியைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி 2022 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அத்தகைய கடையொன்றில் என் கணவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு கூடுதலோ அவ்வளவு கொடுத்த காசுக்கு மதிப்பு" என்றார். தெருமுனைக் கடைக்கு இந்த விதி பொருந்தாது என்பதால், தாங்கள் மாஸ்டரிடம் கேட்டதுபோல் கேட்பதைத் தவிர நமக்கு வழியில்லை.

வேளச்சேரி உறுப்பினர்:

மாஸ்டரிடம் மறுபடியும் போனேன். மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிவிட்டுச் சால்னா ஊற்றும்படி கேட்டதற்கு, "அப்புறம் அது சால்னா இல்ல சார், ரசம்" என்று சிரித்தார். இப்போது பரோட்டா இரண்டு, சால்னா பாதி, அதுவும் வாரத்துக்கு ஒரு நாள். நடை அதே 45 நிமிடம்தான். கடிகாரத்தை மட்டும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன்.