'உயர் பகு எண்' எனலாமா, 'விஞ்செண்' எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

இராமானுசன் 1915இல் எழுதிய புகழ்பெற்ற நெடுங்கட்டுரையின் தலைப்பான 'ஹைலி காம்போசிட் நம்பர்' என்பதற்கு முன்வைக்கப்பட்டுள்ள 'உயர் பகு எண்' சொல்லுக்குச் சொல் சரிதான், பொருளில்தான் இடறுகிறது. தன்னிற் சிறிய எந்த எண்ணையும்விடக் கூடுதலான காரணிகளைப் பெற்ற எண் என்பதே வரையறை. அதன்படி 2உம் இவ்வகையில் சேரும். ஆனால் 2 பகா எண். பகா எண் ஒன்றை 'உயர் பகு எண்' என்று மாணவரிடம் எவ்வாறு சொல்வது? ஆங்கிலப் பெயரில் உள்ள இந்தச் சிக்கலை நாமும் சுமக்க வேண்டியதில்லை. 'மிகை' என்னும் அடையும் பொருந்தாது. தன்னை நீக்கிய காரணிகளின் கூட்டுத்தொகை தன்னை மிஞ்சும் எண்களுக்கு அதை விட்டுவைப்பதே முறை.

முன்னவற்றை விஞ்சுவதே இங்கு இயல்பு என்பதால் 'விஞ்செண்' என்பது என் பரிந்துரை. விஞ்சிய, விஞ்சுகின்ற, விஞ்சும் என முக்காலத்துக்கும் பொதுவான வினைத்தொகை இது. குற்றியலுகரம் கெட்டுப் புணர்வதால் ஒலிப்பும் எளிது.

பெரிய எண் ஒன்றில் இச்சொல்லைச் சோதித்துப் பார்ப்போம். இராமானுசன் அக்கட்டுரையில் தந்த விஞ்செண் பட்டியலின் கடைசி எண் 6746328388800. அதாவது 6,74,632 கோடியே 83,88,800. இதில் பகா காரணிகளான 2, 3, 5, 7 ஆகியவற்றின் அடுக்குகள் முறையே 6, 4, 2, 2. 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையே வருகின்றன. அடுக்குகள் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் மொத்தக் காரணிகள் 10080 என்று கிடைக்கும். அந்த 10080உம் ஒரு விஞ்செண்ணே. அடுக்குகள் எங்கும் ஏறாமல் இறங்கியோ சமமாகவோ வருவது விஞ்செண் அனைத்துக்கும் பொது. இவ்வெண்ணை 23ஆல் வகுத்தால் வரும் 293318625600உம் விஞ்செண்தான். கையால் கணக்கிட்ட அப்பட்டியலில் இராமானுசன் தவறவிட்டது இதை மட்டுமே என்பது எனக்குத் தீராத வியப்பு.

கிளைச் சொற்களும் இதிலிருந்தே முளைக்கின்றன. எண்ணின் ஏதேனும் ஒரு நேர் அடுக்கால் காரணி எண்ணிக்கையை வகுத்துப் பார்க்கும்போது, சிறியவை மட்டுமன்றிப் பெரியவை உட்பட எந்த எண்ணுக்கும் பின்தங்காதவற்றை 'மீவிஞ்செண்' எனலாம். 2248776129600 அத்தகையது, அதன் மும்மடங்காகிய நம் எண் விஞ்செண்ணாக இருந்தும் மீவிஞ்செண் அன்று. விஞ்சாவிட்டாலும் முந்தைய எதற்கும் குறையாதவை 'குன்றா எண்' ஆகட்டும்: 12ஐப் போல 18க்கும் ஆறு காரணிகளே.

'மீவிஞ்செண்' சற்றுக் கரடாக ஒலிப்பதை ஒப்புக்கொள்கிறேன். இதனினும் இனிய சொல் கிடைத்தால் அதை விட்டுக்கொடுப்பேன். 'விஞ்செண்'ணை அவ்வளவு எளிதில் விடமாட்டேன்.