மறு: ‘விண்மீன் சங்கம்’ வேண்டாம், ‘குழாம்’ போதும்

அன்புள்ள ஐயாவுக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

ஓ, பி வகை விண்மீன்கள் (மிக வெப்பமான நீல விண்மீன்கள்) பரந்து கிடக்கும் பெருங்கூட்டங்களுக்கு ‘விண்மீன் சங்கம்’ என்று பெயரிடலாம் என ஐயா தம் மடலில் எழுதியிருந்தார். இவற்றின் ஆங்கிலப் பெயரிலுள்ள அசோசியேஷன் என்பதற்கு அகராதிகள் தரும் சொல் சங்கம்தான், அதில் பிழையில்லை. ஆனால் பெங்களூரில் இருப்பவர்களுக்குச் சங்கம் என்றதும் அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கம்தான் நினைவுக்கு வரும். சங்கத்துக்குச் சந்தா உண்டு, செயற்குழு உண்டு, விதிகளும் உண்டு. நாம் பெயர் தேடும் பொருளுக்கோ எந்தக் கட்டும் இல்லை என்பதுதான் அடிப்படை இலக்கணம்.

சென்ற மே மாதம், மழை விட்ட ஓர் இரவில், எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் பிள்ளைகளுக்கு வானம் காட்டிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குத் தென்கிழக்கில் விருச்சிகம் ஏறியிருந்தது. தெற்கே தண்ணீர்த் தொட்டியை ஒட்டித் தென்சிலுவை தாழ நின்றது. அனுடத்தின் மூன்று மீன்களும், செந்நிறக் கேட்டையும், அங்கிருந்து சிலுவை வரை சிதறிக் கிடக்கும் பல நீலமீன்களும் ஒரே கூட்டம் என்று சொன்னபோது, பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, “அப்படியென்றால் இது கார்த்திகை மாதிரி கொத்தா?” என்று கேட்டாள். இல்லை என்றேன், பிறகு என்ன என்றாள். அதற்குச் சொல் இல்லாமல் நின்றதால்தான் இந்த இழையையே தொடங்கினேன்.

அவள் கேட்ட ஒப்பீடு மிகப் பொருத்தமானது. கார்த்திகை நம்மிடமிருந்து சுமார் 440 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. நான் பிள்ளைகளுக்குக் காட்டிய விருச்சிகம்-செண்டாரஸ் கூட்டமும் ஏறத்தாழ அதே தொலைவுதான், நமக்கு மிக அருகிலுள்ள ஓ-பி கூட்டமும் அதுவே. ஆயினும் நீட்டிய கையின் கட்டைவிரல் கார்த்திகையை மறைத்துவிடும். மற்றதை இரு கைகளையும் விரித்தாலும் மறைக்க முடியாது. முன்னது தன் ஈர்ப்பால் கட்டுண்டது. பின்னதில் மீன்களுக்கிடையே ஈர்ப்பு மிகத் தளர்ந்திருப்பதால், பால்வெளியின் அலையீர்ப்பு அவற்றைச் சில கோடி ஆண்டுகளில் கலைத்துவிடும். 1947இல் ஆர்மீனிய வானியலாளர் விக்டர் அம்பார்ட்சுமியான் இவற்றுக்குப் பெயரிட்டபோது இதைத்தான் கருவியாகக் கொண்டார்: விரைவில் கலையப்போகும் கூட்டம் இன்னும் கலையாமல் இருக்கிறதென்றால் அது பிறந்து நெடுநாள் ஆகியிருக்க முடியாது, எனவே விண்மீன்கள் இன்றும் பிறந்துகொண்டிருக்கின்றன. அக்காலத்தில் இது துணிச்சலான வாதம்.

ஆகவே ஈர்ப்பால் கட்டுண்டவற்றுக்கு வழங்கும் ‘கொத்து’, ‘திரள்’ இரண்டும் கூடாது. கே.ஆர். மார்க்கெட்டில் கட்டிய சரத்தையும் கூடையில் கொட்டிவைத்த உதிரிப்பூவையும் யாரும் ஒரே பெயரால் கேட்பதில்லை. ‘உதிரிக்கொத்து’ என்று ஒரு நண்பர் எழுதியதை ரசித்தேன். ஆனால் உதிர்ந்த பின் அது கொத்து இல்லையே.

நண்பர்கள் முன்மொழிந்த ‘விரிதிரள்’, ‘உடன்பிறப்புத் திரள்’ ஆகியவற்றில் எனக்கு வேறொரு தயக்கம் உண்டு. இவை பொருளைப் பெயரிடாமல் கோட்பாட்டைப் பெயரிடுகின்றன. ஒரே நெருக்கமான கொத்து வெடித்து விரிந்ததுதான் இக்கூட்டம் என்ற பழைய எளிய சித்திரம், விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் அளவீடுகளுக்குப் பிறகு பல இடங்களில் பொருந்தவில்லை. ஒரே கூட்டத்துக்குள் வயதும் மாறுகிறது: விருச்சிகப் பக்கத்து உட்பிரிவு ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு வயதுடையது, மற்ற இரண்டும் அதனினும் மூத்தவை. நாளைக்குக் கோட்பாடு மாறினால் சொல் பொய்யாகிவிடும்.

என் முன்மொழிவு ‘விண்மீன் குழாம்’. அடியார் குழாம், அறிஞர் குழாம் என்று நாம் சொல்லும்போது, ஏதோ ஓர் உறவால் சேர்ந்தவர்கள், ஆனால் கட்டிப்போடப்படாதவர்கள் என்ற பொருள் இயல்பாகவே வருகிறது. இலங்கை நாளிதழ்கள் கிரிக்கெட் அணிக்குத் தேர்வானவர்களைக் குழாம் என்றே எழுதுகின்றன. தொடர் முடிந்தால் அவரவர் வழி. சொல் கிளைக்கவும் செய்கிறது: டி டாரி எனப்படும் இளம் விண்மீன்கள் மிகுந்தவை ‘டி குழாம்’, ஓரியன் (வேட்டைக்காரன்) பகுதியிலுள்ள ‘ஓரியன் ஓ-பி 1’ கூட்டத்தின் நான்கு பிரிவுகள் ‘உட்குழாம்’. வேட்டைக்காரனின் இடைவார் மீன்கள் மூன்றும் அவற்றுள் ஒன்றில் அடங்கும்.

ஓ, பி எழுத்துகளை மொழிபெயர்க்க வேண்டாம். அவை தொடக்கத்தில் விண்மீன்களின் நிறமாலையில் தெரியும் ஹைட்ரஜன் கோடுகளின் வலிமைப்படி அகர வரிசையில் வைத்த குறிகள். பிறகு அமெரிக்க வானியலாளர் ஆனி ஜம்ப் கேனன் அவற்றை வெப்பநிலைப்படி மாற்றி அடுக்கினார். அந்த எழுத்துகளுக்கே இப்போது பொருள் இல்லாதபோது ‘அ-ஆ குழாம்’ என்பது வீண் வேலை.

அன்புடன்.

*

தம்பிக்கு,

சங்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘ஆயம்’ உங்கள் கண்ணில் படாதது வியப்பு. அகப்பாடல்களில் தலைவியோடு ஓரையாடும் ஒத்த வயதுத் தோழியர் கூட்டம் ஆயம். இளமையில் கூடியிருந்து மணமானதும் பிரிந்து போவார்கள். இதைவிடப் பொருத்தமாக வேறென்ன கிடைக்கும்?

*

ஐயா,

கண்ணில் பட்டது, இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இன்றைய வாசகருக்கு ஆயம் என்றால் ஆயத்தீர்வையும் தீர்ப்பாயமும்தான். சாராய வரியையும் வழக்கையும் கடந்து தோழியரிடம் வந்து சேர ஒரு பக்க விளக்கம் தேவைப்படும். அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். குழாம் என்றதும் “கூட்டம்தானே” என்றாள்.

*

சரி, குழாமே இருக்கட்டும். ஒரு நிபந்தனை: ‘ஓ-பி’ என்று இடைக்கோட்டுடனேயே எழுதுங்கள். சேர்த்து எழுதினால் நம் அலுவலகத் தமிழில் அது வேலை செய்யாமல் ஏய்ப்பதைக் குறிக்கும். சூரியன் ஆயிரம் கோடி ஆண்டு வைத்துச் செலவழிக்கும் எரிபொருளைவிடப் பன்மடங்கைச் சில பத்து லட்சம் ஆண்டுகளில் எரித்துத் தீர்க்கும் ஓ வகை மீன்களை ‘ஓபி’ என்பது அநியாயம்.