வராளிக்கு மட்டும் கேசட்

செந்தூல்காரி:
கோலாலம்பூரில் சின்ன வயதில் பாட்டோ பரதமோ கற்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். ஆளுக்கொன்று சொல்லுங்கள், நான் தொடங்கி வைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஞாயிறு காலை பசியாறிய கையோடு அப்பா என்னைப் பஸ் ஏற்றி பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப் போவார். மலாயா ரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தார் குடியிருந்த வட்டாரம். மாலையில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு சுருதிப் பெட்டி கேட்குமாம் (அப்பா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்). 1981-இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற இசை, நடனப் பள்ளி அப்போது பேர் எடுத்துக்கொண்டிருந்தது. நான் போனது ஒரு டீச்சரின் வீட்டு வகுப்புக்கு.

தை மாதத் தியாகராஜர் ஆராதனைக்குப் பஞ்சரத்தினம் பாடமாகிக்கொண்டிருந்தது (அவருடைய ஐந்து கீர்த்தனைகள், ஒவ்வொன்றும் ஒரு ராகத்தில்). நாட்டை, கௌளை, ஆரபி முடிந்தன. அடுத்து டீச்சர் நேரே ஸ்ரீராகத்துக்குப் போய்விட்டார்.

"நாலாவது எங்கே டீச்சர்?"

"வராளியை நேருக்கு நேர் சொல்லிக் கொடுக்கக் கூடாதும்மா. குருவுக்கும் சிஷ்யைக்கும் ஆகாமல் போய்விடும்."

கையில் ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுக் கோப்பி கலக்கப் போய்விட்டார். நானும் கேசட்டும் தனியாக. ஆனால் காந்தார ஸ்வரம் பிசகும்போதெல்லாம் சமையலறையில் ஒரு கரண்டி சத்தமாக விழும். சரியாகப் பிடிக்கும்வரை விழுந்துகொண்டே இருக்கும். ஒரு கோப்பிக்கு எத்தனை கரண்டி வேண்டும்?

ஆராதனையன்று எல்லோரும் சேர்ந்து பாடினோம். வராளி வந்தபோது பக்கத்தில் இருந்த டீச்சர் வாயைத் திறக்கவில்லை. தொடையில் ஆதி தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்.

வடை வீட்டுப் பிள்ளை:
டெம்பிளை நடத்தியவர்கள் அன்னலட்சுமி சாப்பாட்டுக்கடையும் வைத்தார்கள். விலைப்பட்டியல் கிடையாது, வேண்டியதைச் சாப்பிட்டுவிட்டு மனசுக்குத் தோன்றியதைக் கொடுக்கலாம். பரிமாறியவர்களில் பாதிப்பேர் டெம்பிளில் ஆடிப் பாடியவர்களும் அவர்கள் அப்பா அம்மாக்களும்தான். என் அம்மா வாரநாளில் ஆபீஸ் கிளார்க், சனிக்கிழமை வடை மாஸ்டர்.

ஒரு நாள் மூன்று மாணவர்கள் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) வைத்துவிட்டு எழுந்தார்கள். எனக்கு ஆத்திரம். அம்மா அவர்களைக் கூப்பிட்டு, "பாயசம் சாப்பிடாம போறீங்களே" என்று மறுபடி உட்கார வைத்தார். வீட்டில் எனக்கு அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

பழைய சலங்கை:
என் கதை பாட்டியைப் பற்றியது. சூத்ரா நடனக் குழுவை 1983-இல் ஆரம்பித்த ராம்லி இப்ராஹிமின் நிகழ்ச்சிக்குப் பாட்டியைக் கூட்டிப் போனேன். அடையாறு கே. லட்சுமணனிடம் பரதமும் தேபபிரசாத் தாஸிடம் ஒடிசியும் கற்றவர் ராம்லி. 2018-இல் இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தது. பாட்டிக்கு இது ஒன்றும் தெரியாது.

பாதியில் என் காதில், "யார் வீட்டுப் பிள்ளை?" என்றார். மலாய்க்காரர் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் வந்தது: "அந்த அரைமண்டியைப் பாருடி. ஆறு வருஷம் பணம் கட்டினோமே, நீ என்னைக்காவது முட்டியை மடக்கி அப்படி உட்கார்ந்திருக்கியா?"

அதற்குப் பிறகு வீட்டில் யார் ஆடினாலும் பாட்டி முட்டியைத்தான் பார்ப்பார்.

வடை வீட்டுப் பிள்ளை:
செந்தூல் அக்கா, கேட்க மறந்துவிட்டேன். உங்களுக்கும் டீச்சருக்கும் கடைசிவரை ஆகித்தான் இருந்ததா?

செந்தூல்காரி:
இப்போதும் தீபாவளிக்கு முறுக்கு வருகிறது தம்பி. போன மாதம் என் மகள் ஆரபி முடித்தாள். அடுத்து என்ன செய்வது என்று டீச்சருக்குப் போன் போட்டேன்.

"கேசட் இருக்கா?"

"யூடியூப் இருக்கு டீச்சர்."

"அப்ப நீ போய்க் கோப்பி கலக்கு."