ஆக்சியான் தேடல்: 5 சிக்மா சிக்னல் 3.3 ஆகச் சுருங்குவது ஏன்?

கேள்வி
வணக்கம். பெங்களூரில் எங்கள் படிப்புக் குழுவில் ஹாலோஸ்கோப் (கரும்பொருள் துகளாகக் கருதப்படும் ஆக்சியானை, காந்தப்புலத்தில் வைத்த கேவிட்டி என்னும் உலோகப் பெட்டிக்குள் தேடும் கருவி) பகுப்பாய்வைச் செயற்கைத் தரவில் பழகிவருகிறோம். 1 கிகாஹெர்ட்ஸ் (ஆக்சியான் நிறை 4.14 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட்), அதிர்வெண் அச்சில் 100 ஹெர்ட்ஸ் அகலக் கட்டம் (bin), ஒரு ஸ்பெக்ட்ரத்துக்கு 15 நிமிடம். பேஸ்லைனை (சிக்னலுக்கு அடியில் மெதுவாக வளையும் பின்னணியை) நீக்க சவிட்ஸ்கி-கோலே ஃபில்டர்: அகலம் 51 கட்டம், பல்லுறுப்புக்கோவையின் படி 4. கடைசியில் ஆக்சியான் வடிவ எடையோடு 10 கட்டங்களைச் சேர்க்கிறோம். 5 சிக்மா (இரைச்சலின் திட்ட விலக்கத்தைப் போல 5 மடங்கு) சிக்னல் போட்டால் சராசரியாக 3.3 தான் வருகிறது. ஹிஸ்டோகிராமின் திட்ட விலக்கமும் 1 இல்லை, 0.8. நிரலில் பிழையா?

பதில் 1
நிரலைக் கலைக்காதீங்க, ஃபில்டர் அகலம்தான் காரணம். ஆக்சியான் சிக்னலின் அகலம் அதிர்வெண்ணில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உங்களுக்கு 1 கிலோஹெர்ட்ஸ், அதாவது 10 கட்டம். 51 கட்ட ஃபில்டருக்கு அது பேஸ்லைனின் மேடாகத்தான் தெரியும். தச்சர் இழைப்புளி மாதிரி சீவித் தள்ளிவிடும். அதே அகலத்தில் ஏறி இறங்கும் இரைச்சலும் கூடவே போவதால் பக்கத்துக் கட்டங்களுக்குள் எதிர்மறைத் தொடர்பு உண்டாகிறது. 0.8 அப்படி வந்ததுதான். 3.3ஐ 0.8ஆல் வகுத்தால் சுமார் 4.1, உண்மையான இழப்பு அவ்வளவே.

அகலத்தை 501 ஆக்குங்க, படி 4 இருக்கட்டும். படியைக் கூட்டினால் அகலத்தைக் குறைத்த பலன்தான். இரு ஓரத்திலும் 250 கட்டம் வெட்டிவிடணும். பிறகு சேர்ப்பதற்கு முன்பே ஒரு தனி ஸ்பெக்ட்ரத்தின் திட்ட விலக்கத்தைப் பாருங்க: 100 ஹெர்ட்ஸ் × 900 வினாடி = 90,000; அதன் வர்க்கமூலம் 300; எனவே 0.0033 வரணும். அதற்கு மேல் போனால் பேஸ்லைன் அலை மிச்சமிருக்கு, அகலம் அதிகம்.

பதில் 2
இன்னொன்று. சிக்னலை ஃபில்டருக்கு முன்னால்தான் போடணும். பேஸ்லைன் நீக்கிய பிறகு போட்டால் இழப்பே தெரியாது, விலக்கு எல்லை (இதைவிட வலுவான ஆக்சியான் சிக்னல் இல்லை என்று சொல்லும் எல்லை) பொய்யாக நன்றாக வரும். நிஜத் தரவுக்குப் போகும்போது, கேவிட்டியை நகர்த்தினாலும் இடைநிலை அதிர்வெண்ணில் (ரிசீவர் கீழிறக்கித் தரும் அதிர்வெண்ணில்) அசையாமல் நிற்கும் கூர்முனைகளை முதலில் மறைச்சிடுங்க. இல்லாவிட்டால் ஃபில்டர் அவற்றைச் சுற்றிப் பள்ளம் தோண்டும்.

கேட்டவர்
501 போட்டோம். திட்ட விலக்கம் 0.98, சராசரி 4.8. தனி ஸ்பெக்ட்ரம் 0.0033. மறு அளவீட்டு வரம்பை இன்னும் 5ஐ வைத்தே கணக்கிடலாமா?

பதில் 1
வேண்டாம். 4.8ஐ 0.98ஆல் வகுத்து 4.9. 95 சதவீத நம்பிக்கைக்கு அதில் 1.645 கழித்தால் வரம்பு 3.255. அதைத் தாண்டும் அதிர்வெண்களை மட்டும் திரும்ப அளந்தால் போதும்.