மறு: ‘ஒரு தளம் அமையாக் கோடுகள்’ – சுருக்கமாக என்ன சொல்லலாம்?

வணக்கம். ஒன்றையொன்று வெட்டாமலும் இணையாகவும் இல்லாமலும், ஒரே தளத்தில் (தட்டையான பரப்பில்) வைக்க முடியாத இரு நேர்கோடுகளைத்தான் (skew lines) பாடநூல் ‘ஒரு தளம் அமையாக் கோடுகள்’ என்கிறது. அதற்குச் சின்னச் சொல் தேடும் பேச்சு இது.

> சாய்கோடுகள் என்றே வைக்கலாமே. சின்னச் சொல், பிள்ளைகள் வாயிலும் நிற்கும்.

ஐயா, இது மட்டும் வேண்டாமே. சாய்வு என்றதும் 10ஆம் வகுப்பில் படித்த கோட்டின் சாய்வுதான் பிள்ளைகளுக்கு நினைவு வரும். இங்கே எந்தக் கோடும் சாய வேண்டியதில்லை, இரண்டும் கிடைமட்டமாகவே கிடக்கலாம். நம்ம காட்பாடி ரயில்வே மேம்பாலத்தைப் பாருங்கள், கீழே தண்டவாளம் மேலே சாலை, போனில் வரைபடத்தைத் திறந்தால் இரண்டும் வெட்டிக்கொள்வது போலத் தெரியும், ஆனால் பாலத்தின் உச்சியில் சாலை போகும் திசையிலேயே இரு பக்கமும் ஒரு நேர்கோட்டை எவ்வளவு நீட்டினாலும் அது தண்டவாளக் கோட்டைத் தொடாது, அதற்கு இணையாகவும் இராது. கரும்பலகையும் அந்த வரைபடம் மாதிரிதான், உயரத்தைத் தின்றுவிடும். பிளஸ் டூவில் வேலூர்ப் பக்கம் நான் பார்த்த பிள்ளைகளில் பலர் தடுமாறுவது சூத்திரத்தில் இல்லை, இந்த இடத்தில்தான்.

> ‘சேராக் கோடுகள்’ சரியாக வருமா?

வராது. இணைகோடுகளும் சேராதவைதானே.

பாடநூல் சொல்லில் பொருள் பிழையே இல்லை. ஆனால் நீளம், அதோடு எது இல்லை என்பதை மட்டும் சொல்கிறது. உண்மையில் இப்படிப்பட்ட இரு கோடுகளுக்கு ஆளுக்கொன்றாக இரண்டு இணைத்தளங்கள் உண்டு, அந்தச் சோடி ஒன்றே ஒன்றுதான். கோடுகள் போகும் திசையைக் காட்டும் இரண்டு வெக்டர்களின் குறுக்குப் பெருக்கம், அதாவது அவை இரண்டுக்கும் செங்குத்தாக வரும் வெக்டர், அந்தத் தளங்கள் இரண்டுக்கும் செங்குத்து. தண்டவாளத்தின் திசை (1, 0, 0), ஆதிப்புள்ளி வழியாகப் போகிறது. சாலையின் திசை (1, 1, 0), (0, 0, 6) வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். குறுக்குப் பெருக்கம் (0, 0, 1), நேரே மேல்நோக்கி. புள்ளிகளை இணைக்கும் வெக்டரோடு இதைப் புள்ளிப் பெருக்கம் செய்து, இதன் நீளமான 1ஆல் வகுத்தால் கோடுகளுக்கு இடையே உள்ள மீச்சிறு தூரம் 6. அதுதான் தளங்களுக்கு இடையே உள்ள தூரமும். அந்தப் புள்ளிப் பெருக்கம் (இதைத்தான் திசையிலி முப்பெருக்கம் என்கிறோம்) பூச்சியமாக வந்திருந்தால் கோடுகள் ஒரே தளத்துக்குள் வந்துவிடும்.

அதனால் என் முன்மொழிவு: விலகுதளக் கோடுகள். வினைத்தொகை, சொல்லவும் எளிது. ‘இருதளக் கோடுகள்’ என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் இரண்டு தளங்கள் வெட்டும் கோட்டையும் அது குறிப்பது போல ஆகிவிடும்.

இதற்கு ஒரு எதிர்ப்பு வரும்: இணைகோடுகளையும் இரு இணைத்தளங்களில் வைக்கலாமே என்று. வைக்கலாம், ஆனால் அவற்றை ஒரே தளத்திலும் வைக்க முடியும், இவற்றை முடியாது. வரையறையில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் போதும் என்பது என் கருத்து.

அப்புறம், இலங்கைப் பாடநூல்களில் வெக்டரைக் ‘காவி’ என்கிறார்கள். அங்கே இந்தக் கோடுகளுக்கு என்ன சொல் புழங்குகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். இதைவிட நல்லதாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.