பாயான் லெப்பாஸ் பங்கு: 5ஜி வருமானத்தைப் பிரிப்பது எப்படி?

பினாங்கு பாயான் லெப்பாஸில் ரேடியோ சில்லுகளுக்குச் சோதனைக் கருவி செய்யும், பூர்சாவில் (மலேசியப் பங்குச் சந்தை) பட்டியலிட்ட நிறுவனம். அதன் வருமானம் எந்த நெட்வொர்க் தரத்தை நம்பியிருக்கிறது என்பது பிடிபடவில்லை. 2010இல் 4ஜி என்று இங்கே விற்ற வைமேக்ஸ் என்ற கம்பியில்லா இணையத் தரம், உலகம் அதன் போட்டித் தரமான எல்டிஇ பக்கம் சாய்ந்ததும் ஓரங்கட்டப்பட்டது தெரியும்தானே.

எட்டுக் காலாண்டு அறிக்கைகளையும் ஆண்டறிக்கையில் எம்எஃப்ஆர்எஸ் 8 குறிப்பையும் (வருமானத்தைப் பிரிவுவாரியாகக் காட்டச் சொல்லும் மலேசியக் கணக்கியல் தரம்) பார்த்தாச்சு. வருமானத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டும் வாடிக்கையாளர் இருவர், பெயர் இல்லை. நாடுவாரிப் பட்டியல் இருக்கிறது, ஆனால் அது சரக்கு இறங்கும் இடம், சில்லு ஓடும் இடமல்ல. 5ஜியின் இரு அலைவரிசைகளில் 3.5 கிகாஹெர்ட்ஸ் வரிசைக்கு எவ்வளவு, அதைவிட உயர்ந்த மில்லிமீட்டர் அலைக்கு எவ்வளவு என்று எங்குமே இல்லை. விற்காத சரக்குக் கையிருப்பு மூன்று காலாண்டாக ஏறுகிறது, அதன் மதிப்பைக் குறைத்து எழுதும் மதிப்பிறக்கம் மட்டும் சுழியம் (இதுதான் உறுத்துகிறது). முதலீட்டாளர் பிரிவுக்கு இரண்டு மின்னஞ்சல் போட்டும் பதில் இல்லை.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எப்படிக் கேட்டால், மழுப்ப முடியாமல் இந்தக் கணக்கைப் பிரித்துச் சொல்வார்கள்?